ஆறு நிமிஷ இருட்டு

எங்கள் வீட்டுப் பீரோ கதவின் உள்பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. அடுத்த வருஷம் ஆகஸ்ட் இரண்டாம் தேதி பகலில், எகிப்தில் லக்ஸர் என்ற ஊரில், சூரியன் முழுசாக மறையப் போகிறது. ஆறு நிமிஷத்துக்கு மேல் இருட்டு. அதைப் பார்க்க நானும் அப்பாவும் மாமாவும் போவதற்கு என்னென்ன செய்யவேண்டும் என்று இரண்டு வருஷத்துக்கு முன்பே நான் எழுதி ஒட்டிய தாள் அது. பாஸ்போர்ட், விசா, கிரகணக் கண்ணாடி, அப்பாவின் சர்க்கரை மாத்திரை, மாமாவுக்கு வெயில் தொப்பி. நான் அப்படித்தான். நாளை மறுநாள் பக்கத்து ஊருக்குப் போவதென்றாலும் இன்றைக்கே பையை எடுத்து வெளியே வைத்துவிடுவேன். பங்காரப்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் பதினெட்டு வருஷமாக அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். எதையும் முன்கூட்டித் திட்டமிடாதவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது.

கல்யாணம் வேண்டாம் என்று நான் சொன்ன அன்றைக்கு அம்மா அழுதாள். அப்பா என் காதைப் பார்த்துக்கொண்டு "சரிம்மா" என்றார்.

இந்தக் காது விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அப்பா மேல் எனக்கு ஒரு தீராத குறை உண்டு. அவர் என் முகத்தைப் பார்த்துப் பேசியதே இல்லை. பேசுவார், சிரிப்பார், திட்டுவார், எல்லாம் என் காதைப் பார்த்துத்தான். இல்லாவிட்டால் என் தோளுக்குப் பின்னால் யாரோ நிற்பது போல அங்கே பார்ப்பார். சின்ன வயதில் ராங்க் கார்டை நீட்டினால், கையெழுத்துப் போட்டுவிட்டு, என் காதிடம் "நல்லா படிச்சிக்கிற" என்பார். பையன் பிறக்கவில்லை என்ற வருத்தமாக இருக்கும் என்று பத்து வயதில் முடிவு செய்தேன். முப்பது வயதில், நான் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை என்று முடிவு செய்தேன். அம்மாவிடம் சண்டை போட்டால், "பாக்கறாருடி. உனக்குத் தெரியல" என்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. அம்மா போய் ஆறு வருஷம் ஆகிறது.

அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கத்தில் வைண்டிங் டிரைவராக இருந்தவர். ஷாஃப்ட் என்ற செங்குத்துக் குழியில் கேஜ் என்ற இரும்புக் கூண்டு நிற்கும்; ஆட்கள் உள்ளே ஏறியதும் மூன்று மணி அடிப்பார்கள். மேலே எஞ்சின் ரூமில் உட்கார்ந்திருக்கும் டிரைவர் அந்த மணியைக் கேட்டு, உள்ளே இருப்பது மனிதர்கள் என்று தெரிந்துகொண்டு, கேஜை மெதுவாக இறக்கவேண்டும். எதிரே பெரிய டயல். அதில் முள் நகர்வதைப் பார்த்துத்தான் கேஜ் எந்த ஆழத்தில் இருக்கிறது, எங்கே பிரேக் பிடிக்கவேண்டும் என்று அவருக்குத் தெரியும். சுரங்கம் மூடும் வரைக்கும் இருபது வருஷம் அப்பா அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. அதே ஷாஃப்டில் தினமும் கீழே இறங்கி வேலை செய்தவர், இப்போது ஆண்டர்சன்பேட்டையில் பென்ஷன் வாங்கிக்கொண்டு இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஊரிகத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, அப்பாவைக் கிண்டல் செய்துவிட்டுப் போவார். "மச்சான் வண்டி மாட்டு வண்டி பாப்பா. மத்தவன் வுட்டா சர்ருனு போவும். இவரு வுட்டா நடுவுல ஒரு தூக்கம் போட்டுட்டு எறங்கலாம்." நாங்கள் மூன்று பேரும் சிரிப்போம். 

கிரகணம் எங்கள் குடும்பத்துக்குப் புதிதில்லை. அப்பா வீடு இரண்டு தலைமுறையாக பௌத்தர்கள். அம்மா வீடு பக்கத்துச் சுரங்கக் குடியிருப்பான கோரமண்டலில். அங்கே சாமி, விரதம், நாள் நட்சத்திரம் எல்லாம் உண்டு. எண்பதாம் வருஷம் பிப்ரவரியில் ஒரு கிரகணம் வந்தது. வடக்கே ஹூப்ளிப் பக்கம் முழுசாக மறைந்தது. எங்கள் ஊரில் ஒரு கீற்றை மிச்சம் வைத்தது. அம்மாவுக்கு அப்போது மூன்று மாதம். வயிற்றில் நான். அவளைக் காப்பாற்ற அவள் பிறந்த வீடே திரண்டு வந்து, ஜன்னலுக்குப் போர்வை கட்டி, கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்தது. பதினேழு வயது மாமாவும் அதில் ஒருவர். லைனில், அதாவது எங்கள் சுரங்கக் குடியிருப்பு வரிசையில், எல்லா வீடும் அப்படித்தான். அப்பா மட்டும் தெரு நடுவில் நின்றார், கையில் சோற்றுத் தட்டோடு. கிரகண நேரத்தில் சாப்பிடக்கூடாது என்பதற்காகவே சாப்பிட்டுக்கொண்டு, அண்ணாந்து பார்த்துக்கொண்டு, "இன்னா ஆச்சு? ஒண்ணும் ஆவல. வெளிய வாங்க!" என்று ஒவ்வொரு கதவாகக் கூவினாராம். ஒருவரும் வரவில்லை. இந்தக் கதையை மாமா சொல்லி நூறு தடவையாவது கேட்டிருப்பேன். நான் அறிவியல் படித்ததற்கே அதுதான் காரணம் என்று மேடையில்கூடப் பேசியிருக்கிறேன்.

அதனால்தான் இரண்டாயிரத்துப் பத்தொன்பது டிசம்பர் எனக்கு ஆறவில்லை. அன்றைக்குக் காலையில் எங்கள் ஊரில் பெரிய அளவுக்குக் கிரகணம் தெரிந்தது. பிள்ளைகளுக்கெல்லாம் கிரகணக் கண்ணாடி வாங்கி, லைனுக்கு முன்னால் வரிசையாக நிற்கவைத்து, அப்பாவை வந்து முதலில் பார்க்கச் சொன்னேன். அவர் வரவில்லை. உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தட்டினேன். "தல வலிக்குதும்மா, நீ போ" என்றார். எனக்குச் சுரீர் என்றது. எத்தனை பேர் முன்னால்! "வயசானா பௌத்தரும் கிரகணத்துக்குப் பயப்படுவாங்க போல" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னேன். பக்கத்து வீட்டுத் தெலுங்கு அம்மாள் சிரித்தார். 

லக்ஸர் பயணத்தை நான் தொடங்கியதே அதற்குப் பழிவாங்கத்தான் என்று சொன்னால் பொய் இல்லை. தெரு நடுவில் நின்ற அந்த மனிதரை மறுபடி ஒரு தடவை சூரியனுக்கு முன்னால் நிறுத்தவேண்டும். இதற்குப் பிறகு அவர் பார்க்க இன்னொரு முழுக் கிரகணம் கிடைக்காது. அப்பாவிடம் சொன்னேன். அவர் என் காதிடம், "அவ்ளோ தூரம் இன்னாத்துக்கு?" என்றார். மாமாதான் குதித்தார். பாஸ்போர்ட் வாங்குவதற்கு முன்பே ஆண்டர்சன்பேட்டை கடைத்தெரு முழுக்க "எகிப்துக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டார்.

அப்பா ஒவ்வொன்றுக்கும் முட்டுக்கட்டை போட்டார். பாஸ்போர்ட்டுக்கு போட்டோ எடுக்கப் போனால் முடி வெட்டவில்லை என்றார். வெயிலில் உட்கார்ந்து பழகலாம் என்று சுரங்கக் கழிவு மண் குவிந்த சயனைட் மலைக்குப் பக்கத்துத் திடலுக்குக் கூட்டிப்போய்க் கண்ணாடியைக் கொடுத்தால், வாங்கி மடியில் வைத்துக்கொண்டார், போடவே இல்லை. மாமா போட்டுக்கொண்டு, "தக்காளி மாதிரி இருக்குது மச்சான், பாருங்க பாருங்க" என்று கத்திக்கொண்டிருந்தார். அப்பா செருப்பைப் பார்த்தபடி இருந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வீட்டுக்கு வந்து தாளில் புதிதாக ஒரு வரி எழுதினேன்: நைனா, கண் டாக்டர். கண்புரை இருந்தால் இப்போதே எடுத்துவிட்டால் அடுத்த வருஷத்துக்குள் சரியாகிவிடும். வேறு எதற்கும் இவ்வளவு எதிர்க்காதவர், இதற்கு மட்டும் ஐந்து மாதம் இழுத்தடித்தார். ஆறாவது மாதம் நான் லீவு போட்டு, கையைப் பிடித்து ரயிலில் ஏற்றினேன்.

பெங்களூரில் அந்த டாக்டர் சின்னப் பெண். அப்பாவிடம் கன்னடத்தில் பேசினாள். சொட்டு மருந்து விட்டு, ஒரு மெஷினில் தாடையை வைக்கச் சொல்லி, இரண்டு கண்ணையும் ஸ்கேன் எடுத்தாள். திரையில் வந்த படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அப்பாவைக் கேட்டாள், வயசில் வெல்டிங் வேலை ஏதாவது பார்த்தீர்களா என்று. நான் முந்திக்கொண்டு, இல்லை, வைண்டிங் டிரைவர் என்று பெருமையாகச் சொன்னேன். அப்படியென்றால் சூரியனை எப்போதாவது உற்றுப் பார்த்தீர்களா என்று கேட்டாள்.

"நோடிதே" என்றார் அப்பா. பார்த்தேன்.

அவள் திரையை என் பக்கம் திருப்பினாள். பார்வையின் நடுப்புள்ளி இருக்கவேண்டிய இடத்தில் சின்னதாக ஒரு இடைவெளி. வலது கண்ணிலும் அதேபோல், இடது கண்ணிலும் அதேபோல். நான் பதினெட்டு வருஷமாகக் கரும்பலகையில் வரைகிற படம் அது. 'கண்ணுக்குள்ளே வலி தெரியாது, அதனால்தான் ஆபத்து' என்று வருஷம் தவறாமல் சொல்கிறேன். டாக்டர், புரையை எடுக்கலாம், ஆனால் இதை ஒன்றும் செய்யமுடியாது, இது ரொம்பப் பழசு, நேராகப் பார்ப்பது எதுவுமே இவருக்குச் சரியாகத் தெரியாது என்றாள். பிறகு சாதாரணமாக, "இந்தக் கண்ணோடு எப்படி வேலை பார்த்தார்?" என்று கேட்டாள்.  என் கண் முன்னால் அந்த டயல் வந்து நின்றது.

திரும்பி வரும் ரயிலில் மாலூர் வரைக்கும் நான் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறந்தால் கத்திவிடுவேன். அப்பாவுக்குச் சொட்டு மருந்தில் கண் கூசியது, கைக்குட்டையால் மூடிக்கொண்டிருந்தார். மூடியபடியே பேச ஆரம்பித்தார்.

"அடுத்த நாளு எஞ்சின் ரூமுக்குப் போனேன். அப்ப நான் ஹெல்ப்பர், டிரைவர் பரீட்சைக்கு ஆறு மாசம் இருக்குது. டயல பாக்கறேன், முள்ளு இல்ல. முள்ள எவனோ கழட்டிட்டான்னு நெனச்சேன். தலைய திருப்பறேன், முள்ளு இருக்குது. நேரா பாக்கறேன், இல்ல. சரியாப் போவும்னு ஒரு மாசம் பாத்தேன். போவல."

"கண்ணு பரீட்சை வெப்பாங்களே, நைனா?"

"முன்னாடி நிக்கறவன் படிக்கறத கேட்டுக்கினு மனப்பாடம் பண்ணிட்டேன். ஒவ்வொரு தடவையும்."

இவ்வளவு எளிதாகவா?  பிள்ளைகள் பரீட்சையில் பக்கத்துப் பேப்பரைப் பார்த்தால் வெளியே அனுப்புகிறவள் நான்.

வீட்டுக்கு வந்ததும், கேட்காமலே, கட்டிலுக்கு அடியிலிருந்து தகரப் பெட்டியை இழுத்தார். அடியில் பழைய சர்வீஸ் காகிதங்கள், அதற்கும் அடியில் பழுப்பேறிய ஒரு பெரிய உறை. அதிலிருந்து ஒரு எக்ஸ்ரே ஃபிலிமை எடுத்து என்னிடம் கொடுத்தார். "இதுல தான் பாத்தேன். உங்க தாத்தாவோட நெஞ்சுப் படம்."

எங்கள் ஊரில் எக்ஸ்ரே ஃபிலிம் இல்லாத வீடு அந்தக் காலத்தில் கிடையாது. கீழே இறங்குகிறவர்களுக்கு நெஞ்சைப் படம் எடுத்துப் பார்ப்பார்கள். மற்ற ஊர்க்காரர்கள் கிரகணத்துக்குக் கண்ணாடித் துண்டில் கரி பிடித்துப் பார்த்திருப்பார்கள். எங்கள் ஊர்க்காரருக்குக் கைக்குக் கிடைத்தது இதுதான். நான் ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். விலா எலும்புகள் வரிசையாகத் தெரிந்தன. அவற்றுக்கு நடுவில், கறுப்பாக இருக்கவேண்டிய இடமெல்லாம், வெள்ளை வெள்ளையாகத் திட்டு. கை நிறைய ரவையை அள்ளி இறைத்தது மாதிரி.

எக்ஸ்ரேயில் நல்ல நுரையீரல் கறுப்பாக விழும். பாறைத் தூசி தின்ற நுரையீரல் வெள்ளையாக விழும். ஃபிலிமில் வெள்ளை என்றால் வெளிச்சத்துக்கு வழி திறந்திருக்கிறது என்று அர்த்தம். கறுப்பு ஃபிலிமும் சூரியனிடமிருந்து கண்ணைக் காக்காது, அது வேறு. ஆனால் அப்பா, அவரைப் பெற்றவரின் சீக்குப் பிடித்த நெஞ்சை இரண்டு கண்ணுக்கும் முன்னால் பிடித்துக்கொண்டு, அதன் ஓட்டைகள் வழியாக ஒரு மணி நேரம் விட்டு விட்டு சூரியனைப் பார்த்திருக்கிறார். தெருவைப் பார்த்து ஒன்றும் ஆகவில்லை என்று கத்தியிருக்கிறார். கத்திய நேரத்திலேயே ஆகிக்கொண்டிருந்திருக்கிறது. ஃபிலிமைக் கட்டிலில் வைத்துவிட்டு நான் தரையில் உட்கார்ந்தேன். 

"ஏன் நைனா ஒருத்தர்கிட்டயும் சொல்லல?"

"சொன்னா லைன்ல இன்னா சொல்லுவாங்க? கிரகணத்த பாத்தான், சாமி கண்ண புடுங்கிச்சுன்னு சொல்லுவாங்க. அப்பால ஒருத்தனாவது கதவ தொறப்பானா? உங்கம்மா வீட்ல புள்ளைக்கும் இன்னா ஆவுமோன்னு அழுவாங்க. நீ நல்லபடியா பொறக்கற வரிக்கும் எனக்கே உள்ளுக்குள்ள பயம்தான்."

"அது சரி. கேஜு? அதுல மனுசங்கதானே இருந்தாங்க?"

அப்பா ஃபிலிமை எடுத்து உறைக்குள் போட்டார். "கண்ணு பெயிலுன்னு எழுதிட்டா மேல வேல கெடையாது. கீழ அனுப்பிடுவாங்க. இந்தப் படத்த நீ இன்னிக்கு ஒரு தடவ பாத்த. நான் அந்த நெஞ்சு இழுக்கறத ராத்திரியும் பகலும் கேட்டுக்கினு வளந்தவன். கீழ போவ எனக்கு தைரியம் இல்லம்மா."

அவர் அதை ஒளிக்காமல் சொன்னது எனக்கு இன்னும் அதிர்ச்சியாக இருந்தது. பொய் சொன்னால் சண்டை போடலாம். டயலைப் பக்கவாட்டில் பார்ப்பாராம். கயிறு சுற்றும் டிரம்மின் விளிம்பில் பெயிண்ட் கோடு போட்டு வைத்திருந்தாராம். மணி காதுக்கு, கயிற்றின் அதிர்வு காலுக்கு. மற்ற டிரைவர்கள் எங்கே பிரேக் பிடிப்பார்களோ அதற்கு வெகு முன்னாலேயே இவர் பிடித்துவிடுவாராம். அதனால்தான் மெதுவாகப் போனது. அதனால்தான் மாட்டு வண்டி.

ஒரு நாளும் எதுவும் நடக்கவில்லை. இதை எழுதும்போதே எனக்குக் கோபம் வருகிறது. நடக்கவில்லை என்பது ஒரு பதிலா? என் அப்பா ஒரு நாள் தப்பாகப் பிரேக் பிடித்திருந்தால் எத்தனை வீட்டுப் பெண்கள் எங்கள் வாசலில் வந்து நின்றிருப்பார்கள்? இருபது வருஷமும் ஒவ்வொரு ஷிஃப்டும் அதை அவர் தெரிந்தேதான் செய்திருக்கிறார். அதே கையால்தான் எனக்குச் சோறும் போட்டிருக்கிறார். இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்க எனக்கு இன்னும் வரவில்லை.

மாமாவிடம் சொல்லவேண்டாம் என்றேன். அப்பா கேட்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை மாமா கறி வாங்கிக்கொண்டு வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, பையை மேஜையில் வைத்ததுமே அப்பா சொல்லிவிட்டார். ஒன்றையும் விடவில்லை. ஃபிலிம், பரீட்சை, டயல், எல்லாம். மாமா முதலில் சிரித்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். அப்பாவோடு அதுவரைக்கும் நீங்க, வாங்க, போங்க என்றே பேசியவர் மாமா.

"நீ கீழ போவ பயந்த. சரி. நான் போனேன் மச்சான். டெய்லி போனேன். உன் கையில."

அப்பா நாற்காலியை மாமா பக்கம் நகர்த்தினார்.

"மாட்டு வண்டின்னு சிரிச்சிக்கினு இருந்தனே" என்றார் மாமா.  "ஊருக்கே சொல்லி சிரிச்சனே." கழற்றிய செருப்பைத் திரும்பப் போட்டுக்கொண்டு வெளியே போனார். பை மேஜையிலேயே இருந்தது. சமைத்தேன், இரண்டு பேரும் தொடவில்லை.

மூன்று ஞாயிற்றுக்கிழமை மாமா வரவில்லை. போனும் எடுக்கவில்லை. நான் பீரோவைத் திறக்கும்போதெல்லாம் அந்தத் தாள் என்னைப் பார்த்தது. எதற்கு இனிமேல்? நடுவில் எதுவுமே தெரியாத மனிதரை அவ்வளவு தூரம் கூட்டிப்போய், ஆகாயத்தின் நடுவில் இருப்பதைப் பார் என்று சொல்லவா? பத்தொன்பதில் தெரு நடுவில் நான் சொன்ன வார்த்தை வேறு ராவும் பகலும் காதில் கேட்டது. கதவுக்குப் பின்னால் அவர் பயந்துகொண்டு இருக்கவில்லை. பார்த்தால் என்ன ஆகும் என்று அந்த லைனிலேயே தெரிந்த ஒரே ஆள் அவர். ஒரு சனிக்கிழமை மத்தியானம் தாளைப் பிய்க்க நகத்தை வைத்தேன்.

"கிழிக்காதம்மா" என்றார் பின்னாலிருந்து. "நான் வரேன்."

"வந்து இன்னா பண்ணுவீங்க? உங்களுக்கு நடுவுல தெரியாது. அங்க இருக்கறதே நடுவுலதான்."

"நடுவுல இன்னா இருக்கும்?"

நான் டீச்சர், கேட்டால் சொல்லாமல் இருக்கமுடியாது. நடுவில் நிலா கறுப்பு வட்டமாக இருக்கும், அதைச் சுற்றித்தான் வெளிச்சம் வெள்ளையாகப் படர்ந்திருக்கும், பார்க்கவேண்டியது அந்தச் சுற்றியிருக்கும் வெளிச்சத்தைத்தான் என்றேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் குரல் இறங்கிவிட்டது.

"அப்ப நடுவுல எப்படியும் கறுப்புதானே? உங்களுக்கு நிலா மறைக்கும். எனக்கு மறைக்கறதுக்கு நிலாவே வேணாம்." அப்பா சிரித்தார். எத்தனை நாளுக்குப் பிறகு! "ஓரமா பாத்தா சுத்தி இருக்கறது தெரியுமா தெரியாதா? அத சொல்லு."

தெரியுமா என்று எனக்கும் தெரியவில்லை. எதையும் சோதிக்காமல் நம்பக்கூடாது என்று வகுப்பில் வாய் கிழியப் பேசுகிறேனே. சமையல்கட்டிலிருந்து தோசைக்கல்லை எடுத்துவந்தேன். கிரகணக் கண்ணாடியை அவருக்குப் போட்டுவிட்டு நாற்காலியில் உட்காரவைத்தேன். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்று, கல்லை என் முகத்துக்கு முன்னால் தூக்கிப் பிடித்தேன். பின்னாலிருந்து நல்ல வெயில்.

அப்போதுதான் வாசலில் செருப்புச் சத்தம். மாமா. உள்ளே வரவில்லை, நிலைப்படியிலேயே நின்றார். அப்பாவைப் பார்க்காமல் என்னிடம், "பாஸ்போர்ட்டுக்கு போலீஸ் வந்தாங்களா பாப்பா?" என்றார். இன்னும் வரவில்லை என்றேன். "எனக்கு வந்துட்டாங்க" என்றார். பிறகு தோசைக்கல்லைப் பார்த்து, "இன்னா பண்றீங்க?" என்றார்.

சொன்னேன். முழுசாக மறையும் வரைக்கும் கண்ணாடியைக் கழற்றக்கூடாது, முழுசாக மறைந்ததும் கழற்றவேண்டும், வெளிச்சம் திரும்ப வருவதற்குள் மாட்டிவிடவேண்டும். அந்த நேரம் எது என்றுதான் நைனாவின் கண்ணுக்குத் தெரியாது.

"அவருக்குக் காது நல்லா கேக்கும்" என்றார் மாமா. உள்ளே வந்து, மேஜையிலிருந்த கரண்டியை எடுத்து, நான் பிடித்திருந்த கல்லின் மேல் மூன்று தடவை தட்டினார்.

அப்பாவின் உடம்பு நாற்காலியில் தானாக நிமிர்ந்தது. இரண்டு கையும் இல்லாத எதையோ பிடிப்பதற்குப் போய்விட்டு, திரும்பி, கண்ணாடியைக் கழற்றின. மாமா கரண்டியோடு அப்படியே நின்றார். அவர் கண் நிறைந்திருந்ததை நான் கல்லின் ஓரமாகப் பார்த்தேன்.

"எங்க பாக்கறீங்க நைனா?"

"கல்லு நடுவுக்கு எடப்பக்கம். நாலு வெரலு தள்ளி." முன்னால் கொஞ்சம் சாய்ந்தார். "தெரியுது. சுத்தி தெரியுது. வட்டமா."

எனக்குக் கை வலித்தது. கல்லை மெல்லக் கீழே இறக்கினேன். அப்பா பார்வையை மாற்றவில்லை. கல் இருந்தபோது எங்கே பார்த்தாரோ அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார். என் காதை.

"இப்ப?" என்றேன்.

"இப்ப நீ தெரியற" என்றார். "இப்படித்தானே உன்ன பாக்க முடியும்? நேரா பாத்தா நீ இருக்கமாட்ட."

நாற்பத்தைந்து வருஷம். ராங்க் கார்டு, கல்யாணம் வேண்டாம் என்று சொன்ன நாள், அம்மா செத்த அன்றைக்கு என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் என் காதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நான் வாய்விட்டு அழுதேன். மாமா கல்லை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். துடைத்துக்கொள்ள முகத்தைத் திருப்பப் போனேன்.

"திரும்பாத" என்றார் அப்பா. "பாத்துக்கினு இருக்கேன்."